யாருடைய நடைக்கு அளந்த சாலை?

(மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நடையைப் பற்றி நம் புலவர்கள் பாடியதைத் தொகுத்தால் பெண்ணுக்கு அன்னமும் பிடியும், ஆணுக்கு ஏறும் களிறும் வந்து நிற்கும். வள்ளுவரும் பீடு நடையை ஆணுக்குத்தான் வைத்திருக்கிறார். அதுவும் மனைவி புகழைக் காத்துக்கொடுத்தால்தான் அவனுக்கு அது வாய்க்கும். முதியவர்களுக்கு உவமை தேட யாரும் அதிகம் மெனக்கெடவில்லை; கையில் ஒரு கோலைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆண் நடை, பெண் நடை, கிழ நடை மூன்றும் உடம்போடு வந்தவை, அவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை என்ற எண்ணம் இந்த மரபின் அடியில் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது அதற்கு மாறானது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நடையில் தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி காலின் நீளத்தாலும், சுமந்த சுமையாலும், நடக்கும் தரையாலும் வருவது. எலும்பிலேயே இருப்பது கொஞ்சம்தான். வயதால் வரும் வேறுபாடு மெய்யானது, ஆனால் நாம் அதைத் தவறான இடத்தில் தேடுகிறோம். இந்த இரண்டையும் கவனிக்காமல், நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒரு நடுவயது ஆணின் காலுக்கு அளவெடுத்துச் சாலை போட்டிருக்கிறோம்.

ஆண், பெண், முதியவர் என்று வகைபிரித்து நடையை அளந்தவர்களில் முன்னோடி பாட்ரிசியா மர்ரே என்ற அமெரிக்கப் பெண்மணி. மில்வாக்கி நகரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் அவருடைய ஆய்வு நடந்தது. அரை இருட்டான அறை; நடப்பவரின் தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றிலும் ஒளியைத் திருப்பும் பட்டைகள்; கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்துவிட்டு நொடிக்கு 20 முறை விளக்கை மின்ன விடுவார்கள். ஒரே படத்தில் ஒரு மனிதர் எடுத்து வைத்த அடிகள் எல்லாம் கோடு கோடாகப் பதிந்துவிடும். ஸ்கேலை வைத்து அதை அளந்தார் மர்ரே. 1964இல் 20 முதல் 65 வயது வரையிலான ஆண்களின் நடை வெளியானது. 1969இல் 87 வயது வரையிலான ஆண்கள். பெண்களின் முறை 1970இல்தான் வந்தது. அவர்களைத் தட்டைச் செருப்பிலும் குதியுயர்ந்த செருப்பிலும் நடக்க வைத்து அளந்தார்கள். இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். இயல்பான நடை எது என்று கேட்டபோது முதலில் கிடைத்த விடை ஆணின் நடை. மற்றவர்களின் நடை அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற கணக்காகவே வந்து சேர்ந்தது. ஒரு பெண் செய்த ஆய்வே இப்படியென்றால் சாலைப் பொறியாளர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

குழந்தைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டேவிட் சதர்லேண்ட் குழுவினர் 1980இல் ஒன்று முதல் ஏழு வயது வரையிலான 186 குழந்தைகளின் நடையை அளந்தார்கள். மூன்று வயதுக்குள் பெரியவர்களின் நடைக்குரிய கூறுகள் பெரும்பாலும் வந்துவிடுகின்றன. அதன்பின் ஏழு வயது வரை மாறுவது முக்கியமாகக் கால் நீளமும், அதற்கேற்ப அடியின் நீளமும் வேகமும். அந்த வயதில் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று நடையில் பெரிய பேதம் இல்லை. பேதம் பிறகு வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

ரிச்சர்ட் போஹனன் 1997இல் வெளியிட்ட அளவுகள் இதற்கு உதவும். 20 முதல் 79 வயது வரையிலான 230 பேரை, முதலில் வழக்கமான வேகத்திலும் பிறகு முடிந்த மட்டும் விரைவாகவும் நடக்கச் சொல்லி அளந்தார். வழக்கமான வேகத்தில் நாற்பதுகளில் உள்ள ஆண் நொடிக்கு 1.46 மீட்டர், அதே வயதுப் பெண் 1.39 மீட்டர். வேறுபாடு ஏழு சென்டிமீட்டர்தான். இருபதுகளில் பார்த்தால் பெண்களின் வேகம் ஆண்களைவிட ஒரு இழை கூடுதல். ஐம்பதுகளில் இருவரும் சமம். ஆணின் அடி நீளமானது, பெண்ணின் அடி குட்டையானது என்பது உண்மைதான். ஆனால் பெண் ஒரு நிமிடத்தில் ஆணைவிட அதிக அடி வைக்கிறாள். குட்டை அடியால் இழப்பதை எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறாள். கால் என்பது ஊசலைப் போல் ஆடும் உறுப்பு; நீளமான ஊசல் மெதுவாகவும் குட்டையான ஊசல் விரைவாகவும் ஆடும் என்பது பள்ளிப்பாடம். உயரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால் இருபாலருக்கும் இடையில் இருப்பதாகத் தெரிந்த தூரம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. குட்டையான ஆணும் உயரமான பெண்ணும் சேர்ந்து நடந்தால் யாருடைய அடி நீளம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெண்ணின் இடுப்பெலும்பு அகலமானது, குழந்தை பெறுவதற்கென்றே அமைந்தது, அந்த அகலம் நடையைப் பாதிக்காதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, மானிடவியலாளர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். அகன்ற இடுப்பால் பெண்கள் நடைக்கு அதிக ஆற்றல் செலவிட வேண்டியிருக்கிறது என்பது பாடநூல் கருத்தாகவே இருந்தது. 2015இல் அன்னா வாரனரும் டேனியல் லீபர்மனும் அவர்களுடைய குழுவினரும் மூச்சுக்காற்றின் மூலம் ஆற்றல் செலவை அளந்து, இடுப்பின் அகலத்துக்கும் நடையின் செலவுக்கும் தொடர்பில்லை என்று காட்டினார்கள். பார்த்தவுடனே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுகிறதே என்பது அடுத்த கேள்வி. உடலை மறைத்து மூட்டுகளில் ஒளிப்புள்ளிகளை மட்டும் ஒட்டி நடக்கவிட்டு, இது ஆணா பெண்ணா என்று பார்ப்பவரிடம் கேட்கும் சோதனைகள் 1977 முதல் நடந்து வருகின்றன. அவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 65 முதல் 70 வரை சரியாகச் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். தோளும் இடுப்பும் அசையும் விகிதத்தில் ஏதோ ஒரு தடயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தெருவில் நாம் நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்வது சேலையையும் செருப்பையும் கூந்தலையும் பார்த்துத்தான், நடையைப் பார்த்து அல்ல.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். காரா வால்-ஷெஃப்லரும் ஜனெல் வாக்னில்டும் 2013இல் செய்த ஒரு சிறு ஆய்வில், காதலியோடு நடக்கும் ஆண் தன் வேகத்தை ஏறக்குறைய 7 விழுக்காடு குறைத்துக்கொண்டு அவளுடைய வேகத்துக்கு வருகிறான். நண்பனோடு நடக்கும்போது அப்படிக் குறைப்பதில்லை. மனைவியும் பிள்ளையும் பத்தடி பின்னால் வர, திரும்பிப் பார்க்காமல் போகும் நம் பெரியவர்களை அளந்திருந்தால் அந்த ஆய்வாளர்களுக்கு வேறு முடிவு கிடைத்திருக்கலாம். வேடிக்கை இருக்கட்டும், வேகம் என்பது காலுக்குள் மட்டும் இருப்பதில்லை, உடன் வருபவரைப் பொறுத்தும் மாறும் என்பதற்கு இது சான்று. ஊரைப் பொறுத்தும் அது மாறும். 2007இல் ரிச்சர்ட் வைஸ்மன் 32 நகரங்களின் நடைபாதைகளில் 18 மீட்டர் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தபோது முதலிடம் பிடித்தது சிங்கப்பூர்: 10.55 நொடி. ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் அந்த நெரிசலில் சேர்ந்துதான் நடக்கிறார்கள். மாலையில் ஊர் திரும்பினால் அதே கால்கள்தான், அந்த வேகம் இருக்காது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கைப்பேசி அடிக்கணக்கைத் திரட்டி 2017இல் வெளியிட்டார்கள். உலகச் சராசரி நாளுக்கு 4,961 அடி. ஹாங்காங் 6,880. மலேசியா 3,963, பட்டியலின் அடிமட்டத்தில் நமக்குக் கீழே இருந்தவை சவூதி அரேபியாவும் இந்தோனேசியாவும்தான். என் வாதத்துக்கு முக்கியமானது இதைவிட இன்னொரு கண்டுபிடிப்பு. எந்த நாட்டில் அதிகம் நடப்பவருக்கும் குறைவாக நடப்பவருக்கும் இடைவெளி பெரிதோ, அங்கே நடை குறைந்தவர்களில் பெண்களே அதிகம். நடக்க வசதியான நகரங்களில் எல்லாருடைய அடிக்கணக்கும் கூடுகிறது, பெண்களுடையது ஆண்களைவிட அதிகமாகக் கூடுகிறது. கைப்பேசி வைத்திருப்பவர்களை மட்டும் எண்ணிய கணக்கு, தோட்டத்துப் பாட்டியின் கணக்கு அதில் வராது, பெண்கள் கைப்பேசியைப் பையில் வைத்துவிடுவார்கள் என்றெல்லாம் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பையில் வைக்கும் பழக்கம் நடைபாதை நல்ல ஊரிலும் உண்டு, இல்லாத ஊரிலும் உண்டு. இடைவெளி ஊருக்கு ஊர் மாறுவதற்கு அது காரணமாகாது. விளக்கில்லாத சாலை, நாய், உரசிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிள், பின்தொடர்ந்து வரும் பேச்சு இவை இருபாலருக்கும் ஒரே மாதிரி இல்லை. பெண் நடை என்று நாம் சொல்வதில் இந்தச் சாலையும் அடக்கம்.

இந்த வட்டாரத்து மக்களின் கால்களுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. இந்த ஊர் அடங்கிய குளுவாங் மாவட்டம் ரப்பரும் செம்பனையும் அன்னாசியும் விளைந்த மண். விடியும் முன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு நிரை எனும் ரப்பர் மரவரிசை. நெற்றியில் விளக்கு, கையில் உளி, ஒரு மரத்தில் குனிந்து பட்டையைச் சீவிக் கோப்பையைச் சரிசெய்துவிட்டு நான்கைந்து எட்டில் அடுத்த மரம். ஒரு நாளில் பல நூறு மரம். அது தொடர்ந்து நடக்கும் நடையே அல்ல. நடந்து, நின்று, குனிந்து, நிமிர்ந்து மறுபடி நடப்பது. பால் எடுக்கும் நேரத்தில் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்கும். பால் சிந்தாமல் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்க, தோளை ஆட்டாமல் முழங்காலை மடக்கிச் சின்னச் சின்ன ஓட்டமாகப் போக வேண்டும். வளையும் கம்பில் சுமை தூக்குவதை ரோஜர் கிராம் 1991இல் ஆராய்ந்தார். அப்படித் தூக்குவதால் ஆற்றல் மிச்சமாவதில்லை, ஆனால் தோளில் விழும் அடியின் வேகம் பெரிதும் குறைகிறது என்று கண்டார். ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது தோட்டத்துக் கால்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பால்மரம் வெட்டுவதில் ஆணும் பெண்ணும் இருந்தார்கள், அந்த நடையும் இருவருக்கும் பொது. செம்பனை வந்தபோது வேலை பிரிந்தது. குலை வெட்டுவதும் தள்ளுவண்டி தள்ளுவதும் பெரும்பாலும் ஆணுக்கு; உதிரிப்பழம் பொறுக்குவதும், 16 லிட்டர் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மருந்தடிப்பதும் பெரும்பாலும் பெண்ணுக்கு. ஒருவர் நிமிர்ந்து அண்ணாந்து பார்க்கும் வேலை, இன்னொருவர் குனிந்தே நகரும் வேலை. முப்பது ஆண்டு கழித்து அந்த இருவரும் வாசலில் நடந்து வரும்போது இது ஆண் நடை, இது பெண் நடை என்று சொன்னால் பாதிக் கதையை விட்டுவிடுகிறோம். வாசலில் தெரிவது அவர்கள் பார்த்த வேலை.

அந்தக் காலத்துத் தோட்டத்து மனிதர்கள் எவ்வளவு திடமாக நடந்தார்கள், இப்போது தாமான் குடியிருப்பில் இருப்பவர்களுக்குத்தான் கால் வலி என்று சொல்வோர் உண்டு. அன்றாட நடை தசையைக் காக்கும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் பாரம் தூக்குவதும் குத்தவைத்து எழுவதும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் முழங்கால் தேய்மானத்துக்கு வழிவகுக்கும் என்பதும் மருத்துவர்கள் நன்கறிந்தது. திடமாக நடந்த எண்பது வயதுக்காரர் நம் நினைவில் நிற்கிறார். ஐம்பத்தைந்தில் முடங்கி லயத்து வீட்டுக்குள் இருந்துவிட்டவரை ஊர் பார்க்கவே இல்லை. எண்ணியது எஞ்சியவர்களை மட்டும்.

இனி வயது. போஹனனின் எண்களுக்கே திரும்புவோம். இருபதுகளில் உள்ள பெண்ணின் வழக்கமான வேகம் 1.41 மீட்டர், எழுபதுகளில் 1.27. ஐம்பது ஆண்டில் இழந்தது பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். இனி முடிந்த மட்டும் விரைந்து நடக்கும் வேகத்தைப் பாருங்கள்: 2.47 மீட்டர் 1.75 ஆகிறது, பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள கையிருப்பு, அதாவது அவசரத்துக்கு எடுத்துச் செலவழிக்க வைத்திருக்கும் வேகம், 1.06இலிருந்து 0.48க்கு இறங்குகிறது. பாதிகூட மிச்சமில்லை. வயதின் நடை இங்கேதான் இருக்கிறது. ‘அம்மா நல்லாத்தானே நடக்கறாங்க’ என்று பிள்ளைகள் சொல்வது பொய்யல்ல. வீட்டுக்குள் நடக்கும்போது அம்மா கையிருப்பைத் தொடுவதே இல்லை. சாலையைக் கடக்கும்போது லாரி வந்தால்தான் தொட வேண்டியிருக்கிறது.

இந்த இழப்பு பெரும்பாலும் கெண்டைக்காலில் தொடங்குகிறது. இளையவர் ஒவ்வோர் அடியிலும் குதிகாலை ஊன்றி, பாதத்தை உருட்டி, கடைசியில் கட்டைவிரல் பக்கமாகத் தரையை உந்தித் தள்ளுவார். முன்னேற்றத்துக்கான விசையில் பெரும்பங்கு அந்த உந்துதலில்தான் பிறக்கிறது. முதியவரிடம் அது மங்கிவிடுகிறது. பாதம் ஏறக்குறையத் தட்டையாகவே தரையில் விழுந்து தட்டையாகவே எழுகிறது. டிவிட்டாவும் ஹார்ட்டோபாகியும் 2000இல் காட்டியபடி, ஒரே வேகத்தில் நடந்தாலும் முதியவர் கணுக்காலின் வேலையை இடுப்புத் தசைகளிடம் ஒப்படைத்துவிடுகிறார். வேலை நடக்கிறது, ஆனால் அதிகச் செலவில். இதெல்லாம் தளர்ச்சியல்ல, முன்யோசனை, விழாமலிருக்க அவர்களே மெதுவாகப் போகிறார்கள், அதைப் போய் நோயாக்கலாமா என்பது இங்கே எழும் எதிர்ப்பு. மர்ரேயே 1969இல் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினார்: வழுக்கும் தரையில் நடப்பவர் காட்டும் எச்சரிக்கையை முதியவர் நடையில் அவர் கண்டார். எச்சரிக்கை இருக்கிறது, சரி. ஆனால் விரைந்து நட என்று சொன்ன பிறகும் வேகம் வரவில்லை என்றால் அதை எச்சரிக்கை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு. சுவீடனின் உமியோ நகரில் முதியோர் இல்லத்தில் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார் லில்லெமோர் லுண்டின்-ஓல்சன். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். ஒரு காசு செலவில்லாத சோதனை. நடைக்கு மூளை முழுவதையும் கொடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதன் அடையாளம் அது.

65 வயதுக்கு மேற்பட்ட 34,485 பேரின் தரவுகளைச் சேர்த்து ஸ்டீஃபனி ஸ்டுடென்ஸ்கி 2011இல் வெளியிட்ட ஆய்வு, நடைவேகத்தில் நொடிக்கு 0.1 மீட்டர் கூடினால் இறப்பு அபாயம் ஏறக்குறைய 12 விழுக்காடு குறைவாக இருப்பதைக் காட்டியது. வேகமாக நடந்தால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இதயம், நுரையீரல், நரம்பு, மூட்டு, கண் அத்தனையும் சேர்ந்து எழுதும் ஒற்றை எண் நடைவேகம். அந்த எண் குறைந்தால் உள்ளே எங்கோ பார்க்க வேண்டியிருக்கிறது. மேலைநாட்டு அளவு நமக்குப் பொருந்துமா என்றால், ஆசியத் தசைநலிவு ஆய்வுக்குழு 2014இல் நொடிக்கு 0.8 மீட்டரை எல்லையாக வைத்து, 2019இல் அதை 1.0 ஆக உயர்த்தியது. ஆறு மீட்டரை ஆறு நொடிக்குள் கடக்க முடியாத முதியவரை மருத்துவர் கவனிக்க வேண்டும் என்பது பொருள். நமக்கு இதில் தனி அக்கறை வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. இனிப்பு நீர் பாதத்தின் உணர்வைத் தின்னும். தரை தெரியாத பாதம் அகல வைத்து, குட்டையாக, தயங்கித் தயங்கி நடக்கும். அதை வயசாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

கடைசியாகச் சாலை. ஜொகூர் பாருவிலிருந்து கூலாய், ஆயர் ஹீத்தாம் வழியாக வடக்கே போகும் கூட்டரசு சாலை 1 இந்த ஊரின் வழியாகத்தான் போகிறது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தபின் தொலைதூர வண்டிகள் அங்கே போனாலும், குலை ஏற்றிய லாரியும் அன்னாசி ஏற்றிய லாரியும் இன்னும் இங்கேதான். பாதசாரி விளக்குக்கு உலகெங்கும் நெடுங்காலம் எடுத்துக்கொண்ட வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். மூன்றரை மீட்டர் அகலத்தில் நான்கு தடம் என்றால் 14 மீட்டர். அந்த வேகத்தில் 12 நொடி. இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களை அளந்தபோது ஆண்களின் சராசரி 0.9, பெண்களின் சராசரி 0.8, 1.2ஐ எட்டாதவர்கள் ஆண்களில் 84 விழுக்காடு, பெண்களில் 94 விழுக்காடு. 0.8இல் நடப்பவருக்கு 14 மீட்டரைக் கடக்க 17.5 நொடி வேண்டும். பன்னிரண்டாவது நொடியில் அவர் மூன்றாம் தடத்தில் நின்றுகொண்டிருப்பார். மலேசியாவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: விளக்கு இல்லாத கடப்புகளில் மக்கள் நொடிக்கு 1.39 மீட்டரிலும், விளக்கு உள்ள இடத்தில் 1.31 மீட்டரிலும் கடக்கிறார்கள். விளக்கில்லாத இடத்தில் வேகம் கூடுவது பயத்தால். அந்த வேகத்தைக் கூட்டக் கையிருப்பு உள்ளவர் கூட்டுகிறார். இல்லாதவர் கடப்பதையே விட்டுவிடுகிறார், சராசரியிலும் அவர் சேர்வதில்லை.

ஆறு நொடி கூட்டினால் போக்குவரத்து நின்றுவிடும் என்பார்கள். சிங்கப்பூர் இதற்கு 2009இலேயே விடை கண்டுவிட்டது. மூத்த குடிமக்கள் தம் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால் பச்சை மனிதன் கடப்பின் அகலத்துக்கு ஏற்ப 3 முதல் 13 நொடி கூடுதலாக நிற்பான். தட்டாதபோது வழக்கமான நேரம்தான். அந்த இயந்திரத்துக்குப் பணமில்லையென்றால் சாலை நடுவில் நிற்க ஒரு மேடை போதும். 14 மீட்டர் இரண்டு ஏழு மீட்டராகிவிடும். மேம்பாலம் கட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். முழங்கால் தேய்ந்தவரிடம் நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்கச் சொல்வது வண்டிக்குத்தான் வசதி. கடைவரிசை முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையும் அப்படியே. கடைக்குக் கடை மட்டம் மாறும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும், ஒரு கடைக்காரர் தகரப்பெட்டிகளை அடுக்கியிருப்பார். பாதத்தைத் தூக்கி வைக்கத் தெம்பில்லாதவர் அஞ்சடியை விட்டு இறங்கிச் சாலையோரமாகவே நடப்பார். பார்ப்பவர் அவரைத்தான் கவனமில்லாதவர் என்பார்.

இவற்றை மாற்றக் கேட்பதென்றால், கூட்டரசு சாலை பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர். பொறுப்பு, அஞ்சடியைச் சிம்பாங் ரெங்கம் மாவட்ட மன்றத்திடம் கேட்க வேண்டும். ஆகவே மனு இரண்டாகப் போக வேண்டும். மனுவோடு நம் ஊர் அளவுகளையும் சேர்த்து அனுப்பினால் வெளிநாட்டுக் கணக்கு என்று ஒதுக்க முடியாது. அதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். தரையில் ஆறு மீட்டருக்குச் சுண்ணாம்புக்கோடு, தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் இரண்டிரண்டு எட்டு நடக்க இடம், கைப்பேசியில் ஒரு நிறுத்துக் கடிகாரம். வழக்கம்போல் ஒரு முறை, விரைந்து ஒரு முறை. ஆண், பெண், வயது, இரண்டு எண்கள். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர்களே ஒரு சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து இதை எடுத்துவிடலாம், வகுத்தல் கணக்கும் படித்த மாதிரி இருக்கும்.